பொத்தானைத் தேடும் வாசகர்கள்: கேள்வி-பதில்

கே: ஏசி குளிரவில்லை. வந்த மெக்கானிக் ரிமோட்டில் எதையோ அழுத்தினார், குளிர்ந்தது. கேஸ் நிரப்பியதாகச் சொல்லிப் பணம் வாங்கிப் போனார். ஏமாந்துவிட்டேனா?

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார். தவறு உங்களுடையது அல்ல. கேஸ் நிரப்ப வெளியே உள்ள யூனிட்டில் குழாய் மாட்ட வேண்டும். ரிமோட்டில் 'மோட்' பொத்தான் தெரியாமல் அழுந்தி, பனிப்படிகப் படம் போய் விசிறிப் படம் வந்திருக்கும். விசிறி மோடில் குளிர்விக்கும் கம்ப்ரசரே ஓடாது. இவ்வளவு முக்கியமான மாற்றத்தை ஒரு குட்டிப் படத்தில் ஒளித்து வைத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ரசீதில் கேஸ் என்று எழுதியிருந்தால் அதைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கே: ரிமோட்டில் பொத்தான் குறைவாக இருந்தால் எளிதுதானே?

ப: இல்லை. ஒரே பொத்தானுக்கு மூன்று வேலை கொடுத்திருப்பார்கள்.

கே: புது டிவியில் படமெல்லாம் சீரியல் போலத் தெரிகிறது. செட்டிங்ஸை மாற்றினாலும் பழையபடி ஆகிவிடுகிறது.

ப: முதலில் போட்டபோது வீடா, கடையா என்று டிவி கேட்டிருக்கும். யாரோ கடையைத் தேர்ந்திருக்கிறார்கள், அதனால்தான் செட்டிங்ஸ் பழையபடி ஆகிவிடுகிறது. 'ஹோம்' என்று மாற்றுங்கள். அப்புறம் அந்த சீரியல் தோற்றம்: சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். இடையில் டிவியே புது ஃபிரேம்களைச் செய்து சேர்ப்பதால்தான் சீரியல் போலத் தெரிகிறது. எல்ஜியில் இதற்கு 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று பெயர். அதை அணையுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டாலே போதும்.

கே: பார்வை மங்கிய அம்மாவுக்கு டச் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாமா?

ப: வேண்டாம். திருகும் குமிழ் வைத்ததையே வாங்குங்கள். வழவழப்பான கண்ணாடியில் எந்த இடம் எதற்கு என்று விரலால் அறிய முடியாது. கை ஈரமாக இருந்தால் தொட்டதையும் சரியாக எடுத்துக்கொள்ளாது. இது கிழவர்களின் புலம்பல் என்பவர்களுக்குச் சொல்கிறேன். 2017-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் சிங்கப்பூர் அருகே எண்ணெய்க் கப்பலுடன் மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். குழப்பமான தொடுதிரைக் கட்டுப்பாடும் ஒரு காரணம் என்றது விசாரணை. கடற்படை மறுபடி கைநெம்புகோலுக்குத் திரும்ப முடிவு செய்தது. கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய அமைப்பும் அப்படித்தான்: இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றைத் திரைக்குள் புதைத்தால் 2026 முதல் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. பயிற்சி பெற்ற மாலுமிக்கே ஆகாதது அடுப்படியில் நிற்கும் உங்கள் அம்மாவுக்கு எதற்கு? என் வீட்டு மைக்ரோவேவ், வேலை முடிந்த பிறகும் விடாமல் ஒலி எழுப்பும். 'ஸ்டாப்' பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் அது அடங்குமாம். மெனுவில் அப்படி ஒரு குறிப்பே இல்லை, கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. காசு கொடுத்தவர் ஏன் இப்படித் தேட வேண்டும்? கடையில் அம்மாவின் கையாலேயே போட்டு, குறைத்து, அணைக்கச் சொல்லிப் பாருங்கள்.

கே: 15 புரோகிராம் என்று பார்த்து ஆன்லைனில் வாஷிங் மெஷின் வாங்கினேன். எது எதற்கென்றே புரியவில்லை. திருப்பித் தரலாமா?

ப: பழுதில்லாத பொருளைத் திரும்ப எடுப்பது விற்றவரின் நிபந்தனையைப் பொறுத்தது. அதைப் படிக்காமலா பணம் கட்டினீர்கள்? பெரும்பாலான நிறுவனங்கள் கையேட்டைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன, வாங்கும் முன் கால் மணி நேரம் புரட்டியிருக்கலாம். சரி, இன்றே விற்றவருக்கு எழுதுங்கள். கெடு முடிந்தால் அந்த வழியும் அடைபடும்.