ஊசியை நிறுத்தி மூன்று மாதம்... இன்னும் எத்தனை நாள்?

கேள்வி: வயது 34. எப்போதும் சோர்வாக இருக்கிறதே என்று இரண்டு வருடம் முன்பு ஒருநாள் ஆபீஸ் முடிந்து போய் ரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவு என்று வந்தது. அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. இப்போது குழந்தைக்கு முயற்சி செய்வதால் மூன்று மாதம் முன்பு நானாகவே நிறுத்திவிட்டேன். படுக்கையைவிட்டு எழவே பிடிக்கவில்லை, ஆசை சுத்தமாக இல்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். பேசாமல் திரும்ப ஊசியே போட்டுக்கொள்ளலாமா? பி.கு.: விரைகள் சிறுத்துப்போனது போல் இருக்கிறது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பெயர் வேண்டாம்.

பதில்: அந்தப் பின்குறிப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது பிரமை இல்லை, உண்மையாகவே சிறுத்திருக்கும். காரணமும் எளிதுதான். மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிட்யூட்டரி சுரப்பிக்குத் தூண்டுதல் அனுப்பும், பிட்யூட்டரி எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும், எல்எச் போய்ச் சேர்ந்தால் விரையில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும், எஃப்எஸ்எச் விந்தணு உருவாகத் துணை நிற்கும். நீங்கள் வெளியிலிருந்து ஊசியில் ஏற்றினால் மூளை ரத்தத்தைப் பார்த்துவிட்டு, 'அதான் வேண்டிய அளவு இருக்கிறதே' என்று தூண்டுதலையே நிறுத்திவிடும். விரையின் பருமனில் பெரும்பகுதி விந்தணு உருவாகும் நுண்குழாய்கள்தான். அங்கே வேலை நின்றால் அளவும் குறையத்தானே செய்யும்? வேலை மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் அளவும் திரும்பிவிடும்.

குழந்தை ஆசை இருப்பவருக்கு இந்த ஊசியை ஆரம்பிக்கும்போதே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது, 1990-லேயே அதன் முடிவுகள் வந்துவிட்டன!

அப்படிப்பட்ட கருத்தடைச் சோதனைகளில் கலந்துகொண்டவர்கள் மருந்தை நிறுத்திய பிறகு என்ன ஆனார்கள் என்ற கணக்குதான் உங்களுக்கு இப்போது தேவை. மில்லிலிட்டருக்கு 2 கோடி விந்தணு என்ற அளவை ஆறு மாதத்தில் எட்டியவர்கள் நூற்றுக்கு 67 பேர், ஒரு வருடத்தில் 90 பேர், இரண்டு வருடத்துக்குள் கிட்டத்தட்ட எல்லோருமே. ஒன்றை மறைக்கக்கூடாது, அவர்கள் முதலிலிருந்தே ஆரோக்கியமாக இருந்தவர்கள். அதனால் உங்களுக்கும் இதே தேதியில் நடக்கும் என்று நான் எழுதித் தர முடியாது. ஆனால் மூன்று மாதத்தில் திரும்பவில்லையே என்று பயப்படுவது அவசரம். கடைசி ஊசி மருந்து உடம்பைவிட்டுப் போகவே சில வாரம் ஆகியிருக்கும். அப்புறம் எல்எச் எழும்ப வேண்டும், டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வேண்டும். ஒரு விந்தணு உருவாகி முடியவே இரண்டரை மாதம் போல ஆகும். இன்றைக்கு விந்துப் பரிசோதனை எடுத்து பூஜ்யம் என்று வந்தாலும் நொறுங்கிப்போகாதீர்கள், அது பழைய கணக்கு.

இப்போது படும் சோர்வும் எரிச்சலும் இந்த இடைவெளியால் வருபவைதான். ஊசியும் இல்லை, சொந்தச் சுரப்பும் இன்னும் வரவில்லை. இந்த நேரத்தில் மறுபடி ஊசி போட்டால் இரண்டே நாளில் தெம்பாக இருக்கும், ஆனால் மூன்று மாதம் காத்திருந்தது வீண், எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஆரம்பம். தாங்க முடியவில்லை என்றால் வேறு வழி உண்டு. குளோமிஃபீன் மாத்திரை, ஆண் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் தகவல் மூளைக்குப் போகாமல் மறைத்து எல்எச்சைக் கூட்டும். எச்சிஜி ஊசி எல்எச் மாதிரியே நடித்து நேராக விரையைத் தூண்டும், ஆனால் மூளையை அது எழுப்பாது. யாருக்கு எது, எத்தனை நாள் என்பது ஹார்மோன் நிபுணரான எண்டோகிரைனாலஜிஸ்ட் தீர்மானிக்க வேண்டியது. நண்பர் சொன்னார் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஜிம்மில் கிடைத்தது ஏதாவது கூடவே போட்டிருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், அது இருந்தால் மீள இன்னும் நாளாகலாம்.

சரி, என்னை உறுத்தும் விஷயம் வேறு. 'ஆபீஸ் முடிந்து போய் ரத்தம் கொடுத்தேன்' என்கிறீர்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கிவிடும், அதுவும் உங்கள் வயதுக்காரர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். காலை 7-லிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாட்களில் எடுத்து இரண்டிலும் குறைவாக இருந்தால்தான் அதைக் குறைவு என்றே சொல்ல வேண்டும். கூடவே எல்எச், எஃப்எஸ்எச், புரோலாக்டின் என்ற இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோன், இவற்றையும் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு முதலிலேயே குறை இருந்ததா, அல்லது மாலை நேரத்து ஒற்றைத் தாளை நம்பி இரண்டு வருடம் ஊசி போட்டார்களா? உடல் பருமன், தூக்கத்தில் மூச்சு அடைபடுவது, சில வலி மருந்துகள், இவையும் அளவை இறக்கும். குறட்டை விடுகிறீர்களா என்று உங்களைக் கேட்டுப் பயனில்லை, மனைவியைத்தான் கேட்க வேண்டும். அந்தச் சாக்கில் பின்குறிப்பையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் வயது 35-ஐத் தாண்டியிருந்தால் உங்களுக்காக ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம், இருவரும் சேர்ந்தே இப்போதே டாக்டரைப் பாருங்கள்.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மட்டும் எந்தக் கணக்கும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துவையுங்கள். ரத்தம் எடுத்த நேரம் அதில் எங்காவது மூலையில் அச்சாகியிருக்கும். டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.