வெள்ளம் வடிந்த பிறகு கார் கொட்டகை: சேற்றுக்கு அவசரம், சாயத்துக்குப் பொறுமை

கோலாலம்பூரில் வரிசை வீடு, கார் கொட்டகையின் ஒரு பகுதியைத் தடுத்து ஸ்டோராக வைத்திருக்கிறீர்கள், முழங்கால் அளவு வெள்ளம் ஓர் இரவு நின்று வடிந்திருக்கிறது. எங்கே தொடங்குவது, எதை வைத்துக்கொள்வது, எப்போது சாயம் அடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். செகாம்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் கொட்டகையிலும் 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மழையில் தண்ணீர் ஏறியது. உரிமம் பெற்ற வயர்மேனான என் மைத்துனர் அப்போது உடனிருந்து வழிகாட்டினார். அந்த அனுபவத்திலிருந்து என் கருத்தைச் சொல்கிறேன். இந்த வேலையில் சேறு அள்ளுவது மட்டுமே அவசரம். மற்றவை எல்லாம் காயும் வரை காத்திருக்க வேண்டியவை. ஆனால் பெரும்பாலோர் சனி ஞாயிறு வரட்டும் என்று சேற்றை விட்டுவைக்கிறார்கள், பிறகு பொங்கலுக்குள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஈரச் சுவரில் சாயம் அடித்துவிடுகிறார்கள்.

உள்ளே கால் வைப்பதற்கு முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். சுவிட்சுப் பெட்டியை எட்டத் தண்ணீரில் நிற்க வேண்டியிருந்தாலோ, மீட்டர் நனைந்திருந்தாலோ நீங்களாகத் தொடாமல் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்துவிட்டது என்பதற்காக மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்துவிடக் கூடாது. தாழ்வாக உள்ள பிளக் பெட்டிகளுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் ஈரம் தங்கியிருக்கும். வயர்மேன் ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்து, நனைந்த பகுதியைப் பிரித்துவிட்ட பிறகே மற்ற அறைகளுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். மோட்டாரால் திறந்து மூடும் வாசல் கதவான ஆட்டோகேட்டை மறந்துவிடாதீர்கள்: பல வீடுகளில் அதன் பெட்டிக்குள் 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருப்பதால் மெயினை அணைத்தாலும் அதன் சுற்றுப் பலகையில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஈரத்தில் பலகை அரித்துப்போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் சாவியைத் திருப்பிக் கதவைக் கையால் தள்ளும் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கொட்டகையில் கார் நின்றிருந்தால் அதை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இஞ்சின் உருளைக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரே முயற்சியில் உட்பாகங்கள் வளைந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, இழுத்துச் செல்லும் வண்டிக்குச் சொல்லுங்கள். எதையும் அப்புறப்படுத்துவதற்கு முன், சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி எல்லாவற்றையும் படம் எடுத்துவைப்பது காப்புறுதிக்கும் உதவித்தொகை மனுவுக்கும் பயன்படும். காப்புறுதி நிறுவனம் காவல் நிலையப் புகாரின் நகலையும் கேட்கக்கூடும்.

வெறுங்காலோடு இறங்கவே கூடாது. வெள்ளச் சேற்றில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். அதனால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் சிறு கீறல் வழியாகவும் உடலுக்குள் புகும். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்துத் தலைகாட்டும் அந்தக் காய்ச்சலைச் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று நினைத்துவிடுவது எளிது. இன்னொன்று நம் மண்ணிலேயே இருக்கும், மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி. நீரிழிவு உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும். நம் குடும்பங்களில் இனிப்பு நீர் உள்ள பெரியவர்கள் பலர் என்பதால், அப்பாவோ மாமாவோ உதவிக்கு வந்து நின்றாலும் சேறு அள்ளும் வேலையை அவர்களிடம் விடாதீர்கள். மற்றவர்கள் ரப்பர் பூட்சும் தடித்த கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். பின்னாளில் காய்ச்சல் வந்தால், வெள்ளச் சேற்றில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சேறு ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் தரையில் இறுகி ஒட்டிக்கொள்வதோடு, பெருக்கும்போது தூசியாகப் பறந்து மூச்சில் போகும். மண்வெட்டியால் வாரிக் கோணிப்பையில் கட்டி வையுங்கள். வாசல் கால்வாயில் தள்ளிவிட்டால், அடைத்துக்கொண்ட அந்தக் கால்வாயே அடுத்த மழைக்கு உங்கள் வீட்டுக்குள் தண்ணீரைத் திருப்பிவிடும். அள்ளி முடித்த பிறகு சாதாரண ரப்பர் குழாயால் சுவரின் மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். உயர் அழுத்தப் பம்பை எல்லாரும் பரிந்துரைப்பார்கள், எனக்கு அது பிடிக்காது: அழுக்கு நீரைத் திவலையாக முகத்தில் தெறிக்க வைக்கும், பிளக் துளைகளுக்குள்ளும் பூச்சின் வெடிப்புகளுக்குள்ளும் தண்ணீரைச் செலுத்தும். தண்ணீரை இறைக்கப் பெட்ரோல் பம்பு கடன் வாங்கியிருந்தால் அதைக் கொட்டகைக்கு வெளியே தெருவோரத்தில் வைத்து ஓட்டுங்கள். மூடிய இடத்தில் அதன் புகை உயிரைக் குடிக்கும்.

தரையில் எண்ணெய்ப் படலம் இருந்தால் மரத்தூளைத் தூவி உறிஞ்சவிட்டு வாரிவிடலாம். பிறகு சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிய பின்னரே குளோராக்ஸ் போன்ற வெளுப்பானைப் பயன்படுத்த வேண்டும், ஏனென்றால் சேறு மிச்சமிருந்தால் குளோரின் அதிலேயே வீணாகி, கிருமிகளைக் கொல்ல எதுவும் மிஞ்சாது. சுமார் 4 லிட்டர் தண்ணீருக்கு 1 கப் என்ற அளவைத் தாண்ட வேண்டியதில்லை. பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவிவிடுங்கள், இரும்பின் மேல் தங்கவிட்டால் துரு ஏறும். ஸ்டோரில் இருந்த குத்துவிளக்கையும் பித்தளைப் பானையையும் புளி போட்டுத் துலக்கும் வேலையை அந்தப் பக்கமே வைத்துக்கொள்ளாதீர்கள். புளி, வினிகர், கழிவறை கழுவும் அமிலம் ஆகிய எதுவும் வெளுப்பானோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

எதை வைத்துக்கொள்வது என்பதற்கு என் அளவுகோல், அந்தப் பொருள் தண்ணீரை உறிஞ்சுமா என்பதுதான். இரும்பு, கண்ணாடி, கெட்டி பிளாஸ்டிக், பீங்கான், நல்ல மரம் ஆகியவற்றைக் கழுவிக் காப்பாற்றிவிடலாம். மரத்தூளை அழுத்திச் செய்த அலமாரி ஊதிப்போன பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பாது. மெத்தை, அட்டைப்பெட்டி, கார்ப்பெட் ஆகியவற்றில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும், அவற்றை எறிந்துவிடுவதே நல்லது. மூட்டையில் இருந்த அரிசியையும் மருந்துகளையும் பார்த்துப் பார்த்து ஒதுக்க வேண்டாம், மொத்தமாகப் போய்விடட்டும். தின்னர், சாய டின், பூச்சிமருந்து ஆகியவற்றைக் கால்வாயில் ஊற்றாமல் தனியாக எடுத்துவையுங்கள்.

கைக்கருவிகளை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, வெயிலில் காயவைத்து, மெல்லிய எண்ணெய் பூசினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஏற்கெனவே துருப்பிடித்தவற்றை வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்க்கலாம். மின்சாரத் துளைக்கருவியும் வாசிங் மெசினும் அப்படியல்ல. வெளியே காய்ந்திருந்தாலும் மோட்டாருக்குள் ஈரமும் வண்டலும் இருக்கும். பழுதுபார்ப்பவர் பிரித்துப் பார்க்கும் வரை பிளக்கில் செருக வேண்டாம். தண்ணீரில் மூழ்கிய லித்தியம் பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யவே கூடாது. நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கக்கூடியது என்பதால், வீட்டுக்கு வெளியே வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

இனிப் பொறுமைக்கான பகுதி. சிமெண்டு பூசிய செங்கல் சுவர், தண்ணீர் நின்ற கோட்டுக்கும் மேலே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகமென்பதால் அது வாரக் கணக்கில், சில வீடுகளில் மாதக் கணக்கில், காயும். வெயில் நேரத்தில் கதவைத் திறந்துவைத்து, வயர்மேன் அனுமதித்த பிறகு காற்றாடியைச் சுவரை நோக்கி ஓடவிடுங்கள். ஒரு முழம் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, மறுநாள் உரித்துப் பாருங்கள். உட்புறத்தில் நீர்த்துளி கோத்திருந்தால் சாயத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து வரும், அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள், கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போகும். காயாத சுவரில் எண்ணெய்ச் சாயம் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி, சாயம் கொப்புளமாக உப்பி உரிந்துவிடும். சாயக் கடையில் எவ்வளவு வற்புறுத்தினாலும், பண்டிகையை வெள்ளைச் சுவர் இல்லாமலே கொண்டாடிவிடலாம் என்பது என் கருத்து. காத்திருக்கும் நாட்களில் வாளி, டயர், தொட்டித் தட்டு ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு ஏழு முதல் பத்து நாளுக்குள் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும்.

மறுபடியும் சாமான்களை அடுக்கும்போது மரத்தூள் பலகை அலமாரியே வாங்காமல், சுவரில் பொருத்தும் இரும்புச் சட்டங்களை இடுப்புக்கு மேலே அமைத்துக்கொள்ளுங்கள். பிளக் பெட்டிகளையும் ஆட்டோகேட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் நெஞ்சுயரத்துக்கு ஏற்றிவிடச் சொல்லுங்கள், வயர்மேன் எப்படியும் வந்திருக்கும்போது அதற்கான கூடுதல் செலவு பெரிதாக இராது. வாசலில் தண்டவாளம் பதித்து அலுமினியப் பலகைகளைச் செருகும் தடுப்பு சிலாங்கூர்ப் பக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் தரையின் வடிகால் துளைக்குள் ஒருவழி வால்வு போடாமல் அதை மட்டும் வாங்கினால், தண்ணீர் துளை வழியாக உள்ளே பொங்கி வரும். காருக்கு முழுக் காப்புறுதி இருந்தாலும், இயற்கைப் பேரிடர் சேர்க்கையைத் தனியாகக் கேட்டு வாங்கவில்லையென்றால் வெள்ளச் சேதம் அதில் அடங்காது. வீட்டுக்குத் தீக் காப்புறுதி மட்டும் வைத்திருந்தால் அங்கும் அதே நிலைமைதான். இரண்டையும் அடுத்த முறை புதுப்பிக்கும்போது முகவரிடம் எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.