சமன்பாடு சரி, படம் மட்டும் தவறு

2H₂ + O₂ → 2H₂O என்ற சமன்பாட்டைச் சரியாக எழுதும் மாணவர்கள், வினைக்குப் பின் பெட்டியில் இருக்கும் மூலக்கூறுகளை வண்ண வட்டங்களாக வரையும்போது தவறுகிறார்கள், வினாவை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். வரைவதற்கு முன் எது மிஞ்சும், ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பெட்டியில் 6 ஹைட்ரஜன், 4 ஆக்சிஜன் மூலக்கூறுகள் இருக்க, வினைக்குப் பின் 2 நீர் மூலக்கூறுகளை மட்டும் உங்கள் மாணவர்கள் வரைவதற்குக் கவனக்குறைவு காரணமாக இராது. சமன்பாடு கூறும் விகிதத்தையே அவர்கள் பெட்டியின் இருப்பாகப் படித்திருக்கக்கூடும். வரவேண்டியவை 6 நீர் மூலக்கூறுகளும் மிஞ்சும் 1 ஆக்சிஜன் மூலக்கூறும்.

இதைச் சோதிக்க, ஆக்சிஜனை 2 ஆகக் குறைத்து அதே வினாவைக் கேளுங்கள். விடைப்படம் மாறவில்லையென்றால், அவர்கள் பெட்டியைப் பார்க்கவே இல்லை.

ஓர் எச்சரிக்கை: வண்ண வட்டங்களைக் கண்டு அணுவுக்கே நிறமுண்டு என்று நம்பிவிடுவார்கள் (என் வகுப்பிலும் நடந்தது), அது வெறும் குறியீடென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.