கண்ணில் கோளாறே இல்லாதவருக்கு எஃப்டிடி ‘நார்மல்’ என்கிறது, ஹம்ப்ரீயில் கறுப்பு விழுகிறது. எந்த ஃபீல்ட் டெஸ்டை (பார்வை எல்லைக்குள் எங்கெங்கே தெரிகிறது என்ற சோதனை) நம்புவது?

அப்பாவுக்குக் கிளாக்கோமா (கண் நரம்பு கெட்டுப் பார்வை குறையும் நோய்) இருப்பதால் சென்னையில் இரண்டு இடங்களில் சோதித்திருக்கிறீர்கள். கண் பிரஷர், நரம்பு, ஓசிடி (விழித்திரை ஸ்கேன்) எல்லாம் சரி, ஹம்ப்ரீயில் மட்டும் மேல் ஓரம் கறுத்திருக்கிறது என்கிறீர்கள். எஃப்டிடி, ஹம்ப்ரீ என்ற இரண்டு மெஷினும் அளப்பது ஒரே விஷயத்தை அல்ல.

ஹம்ப்ரீயின் 24-2 புரோகிராம் 6 டிகிரி இடைவெளியில் 54 இடங்களில் சின்ன வெள்ளை ஒளியை 0.2 நொடி காட்டி, எவ்வளவு மங்கலாக்கும் வரை தெரிகிறது என்று தேடும். எஃப்டிடியில் புள்ளி கிடையாது. நொடிக்கு 25 முறை கறுப்பு வெள்ளை மாறித் துடிக்கும் பட்டைக் கோடுகளைக் காட்டும். சி-20 முறையில் மொத்தமே 17 கட்டங்கள்தான். கண்ணாடிப் பவர் கொஞ்சம் தப்பினாலும் பெரிதாகப் பாதிக்காது, சீக்கிரம் முடியும். ஆனால் கட்டம் பெரிது என்பதால் சின்னக் குறை நழுவிவிடலாம். ஒருவர் கையால் ஒளியை நகர்த்திச் சோதிக்கும் கோல்ட்மன் மெஷின் வெளி எல்லையைக் காட்டுவதில் கெட்டி (காதுப் பக்கம் சுமார் 100 டிகிரி, மூக்குப் பக்கம் 60), ஆனால் ஒளியை நகர்த்துபவரின் கை வேகத்தைப் பொறுத்து எல்லை மாறும்.

ஒரே ஹம்ப்ரீயிலும் சோதிக்கும் முறை மாறினால் எண்கள் ஒத்துப்போகாது. ஆரோக்கியமான கண்ணில் பழைய ஃபுல் த்ரெஷோல்ட் முறையைவிட, சீக்கிரம் முடியும் சிட்டா முறை ஒரு டெசிபல் (எவ்வளவு மங்கலான ஒளி தெரிகிறது என்ற அளவு) அளவுக்குக் கூடுதலாகக் காட்டும், சிட்டா ஃபாஸ்ட் இன்னும் சற்றுக் கூட்டும். ஆக்டோபஸ் என்ற இன்னொரு மெஷினின் டெசிபல் கணக்கே வேறு. அதனால் ஒரே மெஷின், ஒரே புரோகிராம், ஒரே முறையில் எடுத்த ரிப்போர்ட்டுகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் மேல் ஓரக் கறுப்புக்கு முதலில் இமையைச் சந்தேகிக்க வேண்டும். இமை சற்றுத் தொங்கினாலே அந்த வரிசை போய்விடும். மைக்ரோபோர் டேப்பால் தூக்கி ஒட்டி மறுபடி எடுத்தால் தெரிந்துவிடும். வெளி வட்டம் முழுக்கக் கறுத்திருந்தால், சோதனைக்காகக் கண் முன் வைக்கும் லென்ஸ் கண்ணிலிருந்து தள்ளி இருந்து அதன் விளிம்பு மறைத்திருக்கும். மெஷினின் கிண்ணம் 30 செ.மீ. தூரம் என்பதால் 40 வயதுக்கு மேல் கிட்டத்தில் படிப்பதற்கான பவரும் சேர்த்துப் போட வேண்டும். உங்கள் புரோகிரசிவ் கண்ணாடியோடு உட்காராதீர்கள்.

ஃபிக்சேஷன் லாஸ் 20 சதவீதத்தைத் தாண்டியதா பாருங்கள். காதுப் பக்கம் 15 டிகிரியில் உள்ள குருட்டுப் புள்ளியில் ஒளியைப் போட்டு, நீங்கள் பட்டனை அழுத்தினால் பார்வை விலகியதாக மெஷின் கணக்கிடும். தலை சற்றுச் சாய்ந்தாலே அந்தப் புள்ளி இடம் மாறிவிடும். நேராகப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் கணக்கு ஏறும். ஃபால்ஸ் பாசிட்டிவ் (ஒளி காட்டாதபோதே பட்டனை அழுத்துவது) 15 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ரிப்போர்ட்டையே ஒதுக்குங்கள்.

கறுப்புச் சாயப் படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இடைவெளிகளை மெஷின் தானே நிரப்பி வரைவது அது. பேட்டர்ன் டீவியேஷன் (மொத்தமாக உள்ள மங்கலைக் கழித்துவிட்டு, தனித்துக் குறைந்த இடங்களைக் காட்டுவது) கட்டத்தைப் பாருங்கள். ‘5%-க்குக் கீழ்’ என்ற குறி, நோயில்லாத நூறு பேரில் ஐந்து பேருக்கு அந்த இடத்தில் விழக்கூடியது. குருட்டுப் புள்ளி நீங்கலாக 52 இடம் என்றால், சராசரியாக இரண்டு மூன்று குறி நல்ல கண்ணிலும் வரும். அடுத்தடுத்து மூன்று குறிகள், அதில் ஒன்றாவது 1%-க்குக் கீழ், மறு சோதனையிலும் அதே இடம்: அப்போதுதான் கவலைப்பட வேண்டும்.

முதல் முறை உட்காருபவருக்குப் பழக்கம் இல்லாததாலேயே ஓரங்கள் கெட்டு வரும். இன்னொரு நாள், களைப்பில்லாத நேரத்தில், அதே மெஷினில் 24-2 சிட்டா ஸ்டாண்டர்ட் எடுங்கள். ஓபியில் (வெளிநோயாளிப் பிரிவில்) கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட வந்தால், “ஃபீல்ட் டெஸ்ட் முடிஞ்சதும் போடுங்க சிஸ்டர்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த ரிப்போர்ட் சுத்தமாக வந்தால் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அப்பாவுக்குக் கிளாக்கோமா இருப்பதால் இனி எடுக்கும் சோதனைகளை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.