யார் வீட்டுத் தண்ணீர் செய்தி?

கேள்வி: 2023 மிக்ஜாம் புயலின்போது காரப்பாக்கத்தில் இந்தி நடிகர் ஆமிர் கானைப் படகில் மீட்டது நாடு முழுக்கச் செய்தி ஆனது. எங்கள் பக்கம் வீட்டுக்குள் தண்ணீரோடு நாள்கணக்கில் கிடந்தோம். மழை விட்ட பிறகுதான் ஒரு மைக் எட்டிப் பார்த்தது. வசதியானவர் வீட்டில் புகுந்தால்தான் அது வெள்ளமா? கேட்டால், "ஜனங்கள் பார்ப்பதைத்தானே காட்டுகிறோம்" என்கிறார்கள். இது சரியா?
— வாசகி ஒருவர், வியாசர்பாடி

பதில்: சரியில்லை. ஜனங்கள் மேல் பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியாது.

முதலில் காரப்பாக்கத்தைப் பேசி முடித்துவிடுவோம். அந்த நடிகர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அதே இடத்தில் சிக்கியிருந்த தமிழ் நடிகர் விஷ்ணு விஷால், மொட்டை மாடியில் சிக்னல் கிடைத்த ஒரு மூலையில் நின்றபடி, வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது, கரண்ட் இல்லை என்று எக்ஸ் தளத்தில் போட்டார். தனக்கும் அங்கிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் உதவி கேட்டார். தீயணைப்புத் துறையின் படகு வந்தது. படத்தைப் பார்த்தால் படகில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள். தலைப்பில் மட்டும் அவர்களுக்கு இடம் இல்லை.

அதே நாட்களில் எண்ணூரில் நடந்ததைப் பாருங்கள். மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை போய்ச் சேர்ந்தது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் வீடுகளுக்குள் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. தண்ணீர் வடிந்தது, சுவரில் அது நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு மிச்சம். படகு, வலை, துணிமணி எல்லாம் பிசுபிசுப்பு. ஆற்றிலிருந்து அந்த எண்ணெயை பிளாஸ்டிக் மக்கிலும் வாளியிலும் மொண்டு பேரலில் ஊற்றியவர்கள் மீனவர்கள். பலர் கையில் உறைகூட இல்லை. செய்தியாளர்கள் போகவில்லை என்று சொல்ல மாட்டேன், போனார்கள். அவர்கள் எழுதிய பிறகுதான் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதைத் தானாக வழக்காக எடுத்தது. ஆனால் அந்தச் செய்தி நாட்டின் கண்ணில் படவே நாட்கள் ஆகின. படகில் நடிகர் இருந்த படத்துக்குச் சில மணி நேரம் போதுமாக இருந்தது.

வடசென்னையை ஒதுக்குவோம் என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை. அதனால்தான் இதைத் திருத்துவதும் கஷ்டமாக இருக்கிறது. புயலன்று காலையில் செய்தி அறையில் கேட்கப்படும் கேள்விகள் வேறு. நேரலை ஒளிபரப்பும் ஓபி வேன் எங்கே நிற்கும்? வீடியோ யார் அனுப்பியிருக்கிறார்கள்? எந்தப் பெயரைப் போட்டால் டெல்லிக்காரர்களும் எடுத்துக்கொள்வார்கள்? வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் முன்னெச்சரிக்கையாகக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திய கார்கள் இருக்கின்றனவே, அதற்குப் பக்கத்தில் நின்றாலே படம் கிடைத்துவிடும், வேனும் நனையாது. பட்டாளத்திலும் ஓட்டேரியிலும் உள்ள சந்துகளுக்குள் வேன் நுழையாது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் உங்கள் ஏரியாவுக்கு வரவே சுற்ற வேண்டும். கரண்ட் போய் இரண்டாவது நாள் சார்ஜ் இல்லாத போனை வைத்துக்கொண்டு எவர் வீடியோ அனுப்புவார்? அப்புறம், செய்தி அறையில் இருப்பவர்களின் சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள் எந்தப் பகுதியில் குடியிருக்கிறார்களோ, அங்கிருந்துதான் முதல் போன் வரும்.

இது சென்னைக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 2025 ஜனவரி 7 அன்று திபெத்தின் டிங்ரி பகுதியில் நிலநடுக்கம். நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அதே நாளில்தான் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீ தொடங்கியது. அடுத்த வாரம் முழுக்க உலகம் எதைப் பார்த்தது என்பது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அந்தத் தீயிலும் ஒரு வித்தியாசம் உண்டு. நட்சத்திரங்களின் பங்களாக்கள் இருந்த பாலிசேட்ஸ் பகுதிதான் திரையை நிறைத்தது. கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறைகளாக வீடு வாங்கி வாழ்ந்த ஆல்டடீனாவைத் தின்ற ஈட்டன் தீயில்தான் அதிகம் பேர் இறந்தார்கள்.

"ஜனங்கள் பார்ப்பதைத்தானே" என்பவர்களுக்கு ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. 1968 முதல் 2002 வரை நடந்த சுமார் 5,000 பேரிடர்களை எடுத்துக்கொண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளோடு ஒப்பிட்டார்கள் ஐசன்சே, ஸ்ட்ரோம்பெர்க் என்ற இரு பொருளாதார அறிஞர்கள். 2007-இல் வெளியானது. எரிமலையில் ஒருவர் இறந்தால் செய்தியாகும் வாய்ப்பு எவ்வளவோ, அதே வாய்ப்பு உணவுப் பஞ்சத்துக்குக் கிடைக்கக் கிட்டத்தட்ட 40,000 பேர் சாக வேண்டியிருந்தது. எனக்கு இதைவிட உறுத்துவது இன்னொன்று. ஒலிம்பிக் நடந்த நாட்களில் வந்த பேரிடர்களுக்குச் செய்தியில் இடம் குறைந்தது, கூடவே அமெரிக்க அரசின் நிவாரணமும் குறைந்தது. ஜனங்களின் மனசு அந்த இரண்டு வாரத்தில் கல்லாகிவிடவில்லை. அவர்களுக்குக் காட்டப்படவில்லை, அவ்வளவுதான். காட்டினால் என்ன நடக்கும் என்று 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பார்த்தோமே! எங்கெங்கிருந்தோ அரிசியும் பாயும் பாத்திரமும் வந்து இறங்கவில்லையா?

நம் ஊர்க்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் டெல்லி சேனல்கள் சென்னையைத் தாமதமாகத்தான் கவனித்தன என்று கோபப்பட்டோம். நியாயமான கோபம். ஆனால் அதற்கு முந்தைய நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் காட்டாற்று வெள்ளம் ஆட்களை அடித்துக்கொண்டு போனபோது சென்னை எவ்வளவு நேரம் கடலூரைப் பார்த்தது? விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் நின்ற பிறகுதான் நமக்கே அது தமிழ்நாட்டின் வெள்ளமாகத் தெரிந்தது.

சேதத்தைக் கோடிகளில் கணக்குப் போடும் பழக்கமும் இந்த ஓரவஞ்சனையை வளர்க்கிறது. மூழ்கிய காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, தொகை வந்துவிடும், தலைப்பும் வந்துவிடும். நனைந்துபோன தையல் மெஷினும் இட்லி மாவு கிரைண்டரும் ரேஷன் அரிசியும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அதுதான் முழுச் சொத்து, அடுத்த மாத வருமானமும் அதுதான்.

வெள்ளம் வடிந்த பிறகு நடந்ததையும் மறக்கக் கூடாது. 2015-க்குப் பின் அடையாற்றங்கரைக் குடிசைக்காரர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று நாளேடுகள் எழுதின. அவர்களைக் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் விட்டார்கள். அந்தக் குடியிருப்பே சதுப்பு நிலத்தை ஒட்டியது, மழைக்கு அங்கேயும் தண்ணீர் சூழ்கிறது. அதே அடையாற்றின் மேல்தான் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை பாலம் போட்டு நிற்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பில் எழுந்த பெரிய கட்டடங்களைப் பற்றியும் இதே வேகத்தில் எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த பருவமழையின் முதல் பெரிய மழையன்று எங்கள் நிருபர் வியாசர்பாடிக்குத்தான் வருவார், வேளச்சேரி அதற்குப் பிறகு. நீங்கள் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: தெருப்பெயர், வார்டு எண், தண்ணீர் எத்தனை மணிக்கு வாசல்படி ஏறியது, மாநகராட்சி மோட்டார் எப்போது வந்தது, எந்தத் தெருவுக்கு முதலில் போனது. வீடியோ எடுக்க முடியவில்லை என்றால் பரவாயில்லை. இந்த விவரம் இருந்தாலே நாங்கள் பொறுப்பில் இருப்பவர்களிடம் பெயர் சொல்லிக் கேள்வி கேட்க முடியும், கேட்போம்.