சைபர்டீமனைச் சீட் கோடு போட்டுக் கொன்றால் அது ஜெயித்ததாகுமா?

கேட்டவர் டூம் என்ற பழைய சுடும் கம்ப்யூட்டர் விளையாட்டில் இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிக் கட்டத்தில், சைபர்டீமன் என்ற பெரிய அரக்கனிடம் பத்து நாளாக அடி வாங்கிக்கொண்டிருக்கிறாராம். சீட் கோடு, அதாவது சாகாமல் ஆட வைக்கும் ரகசிய எழுத்துகள், போட்டு முடித்துவிட்டால் அது கணக்கில் சேருமா என்று கேட்கிறார்.

சேராது என்று சொல்ல எனக்கு வாயில்லை. நானும் முதலில் கோடு போட்டு முடித்தவன்தான். அதற்கப்புறம் கோடு இல்லாமலும் முடித்தேன். அதை இன்றுவரை ஒருவனும் நம்பவில்லை. இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் 2019இல் போனுக்கு வந்த பதிப்பில்தான் ஆடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் மேல் குற்றமில்லை. கண்ணாடியில் கட்டைவிரலைத் தேய்த்து அவனிடம் தப்புவது பெரும்பாடு. எனக்காவது கீபோர்டு இருந்தது.

1998இல் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிசிஏ என்ற கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தேன். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு அரை மணி நேரம் விளையாட விடுவார்கள். டூம் வெளிவந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது, எங்களுக்கு அப்போதுதான் புதுசு. (காசு கொடுத்து வாங்கிய சிடியா என்று யாரும் பின்னூட்டத்தில் கேட்க வேண்டாம். இல்லை.) அங்கே எல்லோரும் ஐ, டி, டி, க்யூ, டி என்று ஐந்தெழுத்தை அடித்துவிட்டுத்தான் ஆட்டத்தையே ஆரம்பிப்பார்கள். எங்கள் பக்கம் ஐந்தெழுத்து என்றால் வேறு, அது திருநீறு பூசும்போது சொல்வது. ஆனால் இந்த ஐந்தெழுத்தும் உயிர் காக்கும். அடித்ததும் திரைக்குக் கீழே இருக்கும் நம் ஆளின் முகத்தில் கண்கள் மஞ்சளாக மின்னும். அப்புறம் எவன் சுட்டாலும் ஒன்றும் ஆகாது. அந்த மஞ்சள் கண் பின்னால் எனக்கே வினையாக வந்தது.

அப்படிக் கோடு போட்டுக் கொன்றபோது சைபர்டீமன் எனக்கு ஒரு பெரிய மாடு, அவ்வளவுதான். கொம்பு, ஒரு கையில் ராக்கெட் குழாய், ஒரு கால் இரும்பு. எதிரில் நின்று சுட்டுக்கொண்டே இருந்தேன், விழுந்தான். பயமே இல்லை. அந்தச் சென்டர் மெஷின்களில் சவுண்ட் கார்டு கிடையாது என்பது அதற்கு முக்கியக் காரணம் என்று அப்போது தெரியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மதுரையிலிருந்து பழைய 486 கம்ப்யூட்டர் ஒன்றை, சவுண்ட் கார்டும் இரண்டு ஸ்பீக்கருமாக, வாங்கி வந்தார். எங்கள் வீடு பள்ளத்தூரில். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பில் தும்மினால் பின்னால் மூன்றாம் கட்டு வரை கேட்கும். கல்யாணம் நடந்தால் ஊரே படுக்கலாம், மற்ற நாளில் நாங்கள் நாலு பேர். வளவை, அதாவது தூண்கள் சூழ்ந்த நடு முற்றத்தை, ஒட்டிய அறையில் கம்ப்யூட்டரை வைத்தோம். ராத்திரி பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டு உட்காருவேன்.

அந்தக் கடைசிக் கட்டத்துக்குப் பேர் பாபேல் கோபுரம். சாண்டி பீட்டர்சன் என்பவர் வடிவமைத்தது. முந்தைய கட்டம் ஒவ்வொன்றையும் முடிக்கும்போது வரும் வரைபடத்தில் அந்தக் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே வரும். உள்ளே போனால் முதல் அறைச் சுவரிலேயே பேரன் (Baron, பேரப்பிள்ளை இல்லை) என்ற அரக்கர்களை அறைந்து தொங்கவிட்டிருப்பார்கள். முதல் அத்தியாயக் கடைசியில் நம்மை உயிரோடு விடாமல் படுத்தியவர்கள் அந்தப் பேரன்கள்தான். அவர்களையே இப்படிச் செய்தவன் வெளியில் நிற்கிறான் என்று அர்த்தம். சென்டரில் இதையெல்லாம் நான் பார்க்கவே இல்லை. சாகப் போவதில்லை என்று தெரிந்தவன் சுவரை எதற்குப் பார்க்கப் போகிறான்?

அப்புறம் அந்தச் சத்தம். ஒரு காலுக்குக் குளம்பு, ஒரு காலுக்கு இரும்பு. மற்ற கட்டங்களில் தூரத்தில் இருக்கும் பேயின் சத்தம் காதுக்கு எட்டாது. கடைசியான இந்த எட்டாம் கட்டத்துக்கு மட்டும் எவ்வளவு தூரம் போனாலும் சத்தம் முழுசாக அடங்காதபடி நிரலில் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நிரல் 1997 கடைசியிலேயே பொதுவில் வந்துவிட்டது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அதைப் படித்தது வேலைக்குப் போன பிறகு. அப்போது தெரிந்ததெல்லாம், எங்கே ஓடி ஒளிந்தாலும் அவன் நடப்பது கேட்கிறது என்பதுதான்.

எனக்கு மட்டும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆயா (பாட்டி) என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "ராத்திரியில வளவுல யாருடா நடக்குறது? ஒரு காலு மாடு மாதிரி கேக்குது. ஒரு காலு உலக்கை மாதிரி கேக்குது."

திரையை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள். அந்தப் பேயை இவ்வளவு சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் என்று சொன்னால் அப்பச்சியிடம் போய்விடும், ராத்திரி ஆட்டம் நின்றுவிடும். தெரியவில்லை ஆயா என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அவர்கள் முனி என்று முடிவு கட்டி, கருப்பருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டார்கள்.

சரி, உங்களுக்குப் பயன்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு உயிர் 4000. பேரனுக்கே 1000தான். நம் ராக்கெட் நேராகப் பட்டால் 20 முதல் 160 வரை குறையும், சராசரி 90. ஆக, சுமார் நாற்பத்தைந்து ராக்கெட் அவன் மேல் நேராகப் பட வேண்டும். பக்கத்தில் வெடித்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது, வெடிப்பு அதிர்ச்சி அவனைத் தொடாது. நமக்கோ தொடும். அதனால் சுவரை ஒட்டி நிற்காதீர்கள். அவன் ராக்கெட் உங்களைத் தவறவிட்டுப் பின்சுவரில் வெடித்தே உங்களைக் கொல்லும். நான் முதல் வாரம் முழுக்க அப்படித்தான் செத்தேன். அவன் மூன்று மூன்றாகச் சுடுவான். சுட்ட ராக்கெட் நேர்கோட்டில்தான் போகும், நம்மைத் துரத்தி வளையாது. எனவே நிற்காமல் பக்கவாட்டில் நகர வேண்டும். என் கீபோர்டில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு அம்புக்குறி, கன்ட்ரோல் சுட.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சின்ன வயதில் வளவுத் தூண்களைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடுவோம். துரத்துகிறவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பக்கவாட்டில் நகர வேண்டும், திரும்பி ஓடினால் மாட்டிக்கொள்வோம். அதே கால்தான், விரலுக்கு மாறியது.

அந்தத் தூண்கள் இப்போது இல்லை. பர்மா தேக்கு, இரண்டு கையாலும் அணைத்தால் விரல் நுனி தொடாது. பங்காளிகள் பதினொரு பேர் கூடிப் பேசி, வீட்டைப் பராமரிக்க முடியாது என்று பிரித்து விற்றார்கள். வாங்கியவர் எடை போட்டு விலை சொல்லவில்லை என்பது ஒன்றுதான் குறை. எங்கேயோ ஒரு ஓட்டல் வரவேற்பறையில் நாலு தூண் நிற்கிறதாம், அதன் பக்கத்தில் நின்று வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்களாம். பராமரிக்க முடியாது என்று சொன்னவர்கள் அதே வருஷம் சென்னையில் எத்தனை சதுர அடி வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன், அதையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விடுங்கள்.

அவனைக் கொன்றது ஒரு வியாழக்கிழமை ராத்திரி, மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். என் உயிர் 11 என்று காட்டியது. அவன் வெடித்துச் சிதறினான், அந்தக் கணமே கட்டம் முடிந்துவிட்டது. நின்று பிணத்தைப் பார்க்கக்கூட விடமாட்டான். வெறும் எழுத்துதான் வரும்: ஜெயித்துவிட்டாய், ஆனால் நீ நிற்கும் இந்தச் செவ்வாய்க் கிரகத்துச் சந்திரன் நரகத்துக்கு மேலே மிதக்கிறது என்று. கத்தவும் முடியாது, வீடே தூங்குகிறது.

மறுநாள் சித்தப்பா மகனிடம் சொன்னேன். "கண்ணு மஞ்சளா இருந்துச்சா?" என்று கேட்டான். இல்லை என்றேன். சிரித்தான். இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியிலும் அதே கேள்வி, அதே சிரிப்பு. கோடு போட்டு ஜெயித்தவனும் போடாமல் ஜெயித்தவனும் ஒரே வார்த்தையைத்தான் சொல்ல முடிகிறது, நான் என்ன செய்ய? அந்த மிருகத்தைக் களிமண்ணில் பொம்மையாகச் செய்து படம்பிடித்தவர் ஏட்ரியன் கார்மாக் என்று அவனிடம் சொன்னால், "அப்போ நம்ம கருப்பர் கோயில் குதிரை செய்யிற வேளார்கிட்ட கேளு" என்கிறான்.

உங்களுக்குப் பதில்: கோடு போடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். கண்டிப்பாக இயர்போன் மாட்டிக்கொண்டு, கோடு இல்லாமல் ஒரு ராத்திரி முயன்ற பிறகு போடுங்கள்.

எனக்குச் சாட்சி என்று பார்த்தால் ஆயா மட்டும்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி நான் ஆடவில்லை. சனிக்கிழமை காலையில் அவர்களாகவே சொன்னார்கள், "பாத்தியா, போயிருச்சு" என்று. கருப்பர் கோயிலுக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போய்த் தேங்காய் உடைத்தார்கள். ஒரு மூடியை என் கையில் கொடுத்தார்கள். அதில்தான் அன்றைக்கு இட்லிக்குச் சட்னி.