கழுத்தை இழுத்துவிட்டுக் காலுக்குப் பாயும் முறை போட்டியில் பலிக்குமா?

காரைக்குடியில் கல்லூரி அணிக்காக ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம் பயிலும் நீங்கள், எதிராளியின் பிடரியைக் கீழே இழுத்துவிட்டு உடனே காலைப் பிடிக்கும் ‘ஸ்னாப் டவுன்’ முறை உண்மையில் பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாகத் தரும், அதன் வலிமை எதிராளி காட்டும் எதிர்வினையில் இருக்கிறது.

தலை தாழ்ந்ததும் முன்னால் விழுந்துவிடாமலிருக்க அவர் கழுத்தை விறைத்து நிமிர்கிறார். அந்த நொடியில் இடுப்பு உயர்ந்து, எடை குதிகாலுக்குப் போய், முன்கால் சட்டென்று பின்வாங்க இயலாமல் நிற்கிறது. அவர் நிமிரத் தொடங்கும்போதே நீங்கள் தாழ்ந்து நுழைந்திருக்க வேண்டும். தாமதித்தால், அவர் கால்களைப் பின்னால் வீசி மார்பால் உங்களை அமுக்கிவிடுவார். நிமிராமல் கைகளைத் தரையில் ஊன்றினால் இன்னும் நல்லது: சுற்றிப் பின்புறம் சென்று அடக்கினால், காலைப் பிடித்து வீழ்த்துவதற்குரிய அதே 2 புள்ளிகள் கிடைக்கும்.

மணிக்கட்டால் மட்டும் இழுப்பதுதான் தொடக்க நிலையினரிடம் நான் மிகுதியாகக் காணும் குறை. திமிலைத் தழுவியவர் விரல் வலுவை மட்டும் நம்பாமல் உடம்பையே காளையோடு ஒட்டிக்கொள்வதைச் சிராவயல் மஞ்சுவிரட்டில் பார்த்திருப்பீர்கள். இங்கும் முழங்கை எதிராளியின் மார்போடு ஒட்டியிருக்க, உங்கள் எடை முழுவதும் அவர் பிடரியில் இறங்க வேண்டும்.

கிரேக்க-ரோமன் பிரிவில் இடுப்புக்குக் கீழே பிடிக்க அனுமதி இல்லாததால், அங்கே சுற்றிச் செல்லும் வழியே பயன்படும். ஃப்ரீஸ்டைலிலும் ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் பாயாதீர்கள். சில முறை இழுத்து மட்டும் விட்டால், எதிராளியால் உங்கள் பாய்ச்சலை முன்கூட்டியே கணிக்க முடியாது.